எட்டு டன் நிழல்

அந்தச் சீட்டில் மொத்தம் பதினோரு வார்த்தைகள். அவைதான் ஒரு மனிதனைச் சித்தூர் சப் ஜெயிலில் உட்கார வைத்திருந்தன.

'வேலை முடியவில்லை. நாளை வந்து சரி செய்கிறேன். அதுவரை இந்த ஒயரை எடுக்காதே. சாந்தகுமார்.'

ஸ்டேஷன் மேஜைமேல் கிடந்த அந்தக் காகிதத்தின் மீது பட்டர் பேப்பரைப் பரப்பி, யூனிஸ் ஒவ்வோர் எழுத்தாகப் பென்சிலால் ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தாள். துப்பறியும் வேதாச்சலம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பதி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய ஆபீஸ். டைப் அடிப்பது, டீ வரவழைப்பது, வாய்க்கு வந்ததைச் சொல்லி அவரைச் சீண்டுவது என்று ஆபீஸின் மற்ற எல்லாம் யூனிஸ்தான். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவள். இருபத்து நாலு வயது.

இன்ஸ்பெக்டர் கர்னூல்காரர். பத்து நிமிஷம்தான் என்று தெலுங்கில் சொல்லியிருந்தார். தமிழ் பேசினால் அவருக்குப் புரியும், படிக்க வராது.

"சாந்தகுமார் இது தன் கையெழுத்து இல்லைன்னு சொல்றாராமே," என்றார் வேதாச்சலம்.

மாட்டிக்கொண்டவன் எவன்தான் தன் கையெழுத்து என்று ஒப்புக்கொள்வான் என்று இன்ஸ்பெக்டர் திருப்பிக் கேட்டார். கிரேன் ஓட்டுகிற சண்முகமே சாட்சி சொல்லிவிட்டானாம். சீட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடியது சாந்தகுமார்தான், கண்ணால் பார்த்தேன் என்று வாக்குமூலம் கொடுத்து, கைநாட்டும் வைத்துவிட்டானாம்.

வெளியே வந்ததும் யூனிஸ், "தெலுங்கு எழுத்தை நம்மாளுங்க ஜிலேபின்னு சொல்வாங்க சார். இவருக்கு நம்ம எழுத்து முறுக்கு மாதிரி தெரியுது போல. யார் சுட்ட முறுக்குன்னு மட்டும் தெரியல," என்றாள்.

வேதாச்சலம் சிரிக்கவில்லை. ஹெரால்டு காரை ஸ்டார்ட் செய்தார்.

அது 1986 ஏப்ரல். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரோட்டில், காணிப்பாக்கம் கிளைச் சாலையைத் தாண்டினால் ஒரு கிரானைட் யார்டு. குவாரிகளிலிருந்து லாரியில் வரும் கற்பாளங்களை இறக்கி, அறுத்து, மறுபடி லாரியில் ஏற்றி மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். ஏற்ற இறக்க அங்கே ஒரு பெரிய கிரேன். தண்டவாளத்தின் மேல் நகரும் இரண்டு இரும்புக் கால்கள், நடுவில் உத்தரம், உத்தரத்தின் கீழே ஓட்டுபவனுக்கு ஒரு கூண்டு. பத்து டன்தான் தூக்கலாம். ஆனால் பன்னிரண்டும் தூக்கினார்கள், பதினாலும் தூக்கினார்கள். இரண்டு தடவை கயிறு அறுந்தது. அப்போது யாரும் சாகவில்லை.

அதற்குப் பிறகுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, கிரேனில் பாரம் உணரும் கருவி பொருத்த வேண்டும் என்று. இரும்புக் கயிறு முடிகிற இடத்தில் ஒரு சின்ன எஃகுத் துண்டு. அது எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கூண்டுக்குள் இருக்கும் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். பத்து டன்னைத் தாண்டினால் மணி அடிக்கும், மோட்டாருக்குக் கரண்ட் நின்றுபோகும், கல் தரையை விட்டு எழும்பாது. சித்தூர் எலக்ட்ரீஷியன் சாந்தகுமார் மூன்று நாள் கூண்டிலேயே உட்கார்ந்து அதற்கு ஒயரிங் செய்து முடித்தார்.

அவர் போன இரண்டாம் நாள் பதினாலு டன் கல்லைத் தூக்கினார்கள். மணி அடிக்கவில்லை. மோட்டார் நிற்கவில்லை. பன்னிரண்டடி உயரத்தில் கயிறு அறுந்தது. கீழே கல்லைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்த அப்பாவு ஓடுவதற்கு ஓர் அடி எடுத்து வைத்ததாகச் சொன்னார்கள்.

பெட்டியைத் திறந்தபோது இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு துண்டு ஒயர் இருந்தது. பத்து டன்னைத் தாண்டினாலும் மணி அடிக்காமல், மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்படி குறுக்கு வழி. மூடியின் உள்பக்கம் அந்தச் சீட்டு. வேலையைப் பாதியில் விட்டுப்போய் ஓர் உயிரைக் கொன்றான் என்று மறுநாளே சாந்தகுமாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி கிருபாவதி முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்கு வந்து வேதாச்சலத்தின் எதிரே உட்கார்ந்தாள். அவர் எந்த வேலையையும் பாதியில் விட்டு வந்ததில்லை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

யார்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று. ஆறு நாளாக வேலை நின்றுபோயிருந்தது. அடுக்கிய கற்களுக்கு நடுவே ஈக்கள் கூட இல்லை. கிரேன் மட்டும் கொக்கியைத் தொங்கவிட்டபடி நின்றது. கீழே ஓர் இடத்தில் கல்தூளைப் புதிதாகக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள்.

மேனேஜர் ஜெயச்சந்திரன் வெள்ளைச் சட்டையில் வந்து கை கொடுத்தார். கடப்பாக்காரர். இந்த யார்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறதாம். புதுக் கயிறு மாட்டியாகிவிட்டது, நாலு மணிக்கு வேறு எலக்ட்ரீஷியன் வந்து அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுவார், சாயங்காலம் வேலை ஆரம்பம் என்றார். தமிழ் நன்றாகவே பேசினார்.

"அப்போ பெட்டிக்கு நாலு மணிக்குத் தூக்கு," என்று யூனிஸ் முணுமுணுத்தாள்.

காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளையும் அழைத்துக்கொண்டு வேதாச்சலம் இரும்பு ஏணியில் ஏறினார். கூண்டில் சண்முகம் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். பல நாள் தூங்காத கண். அவன் ஆசனத்துக்குப் பின்னால், முழங்கை இடிக்கிற தூரத்தில் அந்தப் பெட்டி. கான்ஸ்டபிள் அரக்கு முத்திரையை உடைத்து மூடியைத் திறந்தான்.

வேதாச்சலம் வெகுநேரம் பார்த்தார். எட்டு ஒயர்கள், பின்னிய சடை மாதிரி வரிசையாக வந்தன. நூலால் கட்டு. ஒவ்வொரு நுனியிலும் அழுத்திப் பொருத்திய செம்பு முனை, பக்கத்தில் எண் போட்ட வளையம். நடுவில் அந்தக் குறுக்கு ஒயர் மட்டும் நாய்க்குட்டி வால் போல் சுருண்டிருந்தது. செம்பு முனை கிடையாது. கையால் முறுக்கித் திருகில் சுற்றி இறுக்கியிருந்தது. மேல் உறையில் வரி வரியாகப் பள்ளம்.

"யூனிஸ், இது என்ன தடம்?"

ஏணியில் கூண்டு வாசல் வரை ஏறி வந்திருந்த அவள் எட்டிப் பார்த்தாள். "பல்லு சார். யாரோ கரும்பு மாதிரி கடிச்சு உரிச்சிருக்காங்க."

"எட்டு ஒயருக்கும் முனை போட்டவன் ஒன்பதாவது ஒயரைப் பல்லால உரிப்பானா?"

சண்முகம் திரும்பாமல் முன்னால் பார்த்தபடியே இருந்தான். அவனுக்கு ஏதாவது தெரியுமா என்று வேதாச்சலம் கேட்டதற்கு, தனக்கு லீவரைத் தவிர ஒன்றும் தெரியாது, செத்தது தன் சொந்த அக்கா புருஷன் என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் யாரும் அவனைக் கேட்கவில்லை.

கான்ஸ்டபிள் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருக்க, வேதாச்சலம் அந்தக் குறுக்கு ஒயரைக் கழற்றிக் காகிதத்தில் மடித்தார். பிறகு கீழே இறங்கி, பன்னிரண்டு டன் கல் ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொன்னார். கயிறு விறைத்தது. கல் அசைவதற்கு முன்பே கூண்டிலிருந்து மணி அலறியது. மோட்டார் அப்படியே நின்றது. அடுத்து எட்டு டன் கல்லை மாட்டச் சொன்னார். மணி அடிக்கவில்லை. கல் மெதுவாக எழுந்தது.

சாந்தகுமாரின் ஒயரிங்கில் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் கல்லைக் கொண்டுபோய் மறு கோடியில் இறக்கும்படி சண்முகத்துக்குக் கையசைத்துவிட்டு, வேதாச்சலம் மேனேஜர் ரூமுக்கு நடந்தார்.

போகிற வழியில் யூனிஸ் பட்டர் பேப்பரை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். காலையிலிருந்தே ஏதோ உறுத்துகிறது, இப்போதுதான் புரிகிறது என்றாள்.

"இந்த 'லை', 'ளை'யைப் பாருங்க சார். வேலை, முடியவில்லை, நாளை. மூணு எடத்துலயும் முன்னால இரட்டைச் சுழி போட்டு எழுதியிருக்கு. நீங்க எப்படி எழுதுவீங்க?"

வேதாச்சலம் தன் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார். எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கை சுருண்டு எழுந்தது.

"நானும் தும்பிக்கைதான். சாந்தகுமார் அண்ணனும் அதே மிஷன் ஸ்கூல்தான். சர்ச் நோட்டீஸ் போர்டுல அவர் எழுத்தை நான் எத்தனையோ வருஷமா பார்த்துக்கினு இருக்கேன். இந்த இரட்டைச் சுழி எழுபத்தெட்டுல மெட்ராஸ் கவர்மெண்ட் கொண்டாந்தது. அதுக்கு முன்னால எழுதக் கத்துக்கினவங்க கைக்கு இது லேசுல வராது."

"அப்போ எழுதினது எட்டு வருஷத்துக்குள்ள எழுதப் படிச்ச ஆள்."

"ஒண்ணு, மூணாங்கிளாஸ் பிள்ளை. இல்லாட்டி வயசான பிறகு தமிழ் கத்துக்கின ஆளு. மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கிரேன்ல என்ன வேலை?"

இருவரும் ஒரே நேரத்தில் மேனேஜர் ரூமைப் பார்த்தார்கள். கடப்பாக்காரர். நாலு வருஷம். நல்ல தமிழ்.

வேதாச்சலம் உள்ளே போய், யார்டு விலாசத்தையும், இன்று நடந்த சோதனையைப் பற்றி இரண்டு வரியையும் தமிழில் எழுதித் தர முடியுமா என்று சாதாரணமாகக் கேட்டார். ஜெயச்சந்திரன் தயங்கவே இல்லை. தன் எழுத்து கோணலாக இருக்கும், இங்கிருந்த கிழட்டுக் குமாஸ்தாவிடம் கற்றுக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே எழுதி நீட்டினார். 'வேலை' என்ற சொல்லில் தும்பிக்கை அழகாகச் சுருண்டிருந்தது.

வெளியே வந்த யூனிஸின் முகம் தொங்கிப்போயிருந்தது. "நம்ம துப்பு தும்பிக்கையில மாட்டி நசுங்கிடுச்சு சார்."

மணி பன்னிரண்டரை. கிருபாவதி கேட்டுக்குள் நுழைந்து வந்துகொண்டிருந்தாள். ஜெயிலில் கணவரைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வருமாறு வேதாச்சலம் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கற்கள் அடுக்கிய சந்தில் மூவரும் சந்தித்தார்கள். ஒயரிங் சரியாகத்தான் இருந்தது என்று அவர் சொன்னதும் அவள் கண்ணை மூடி ஒரு நொடி நின்றாள். பிறகு சீட்டைப் பற்றிக் கேட்டாள். போலீஸ் அதை அவளிடம் காட்டவே இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னதோடு சரி.

யூனிஸ் பட்டர் பேப்பரை அவள் கையில் கொடுத்தாள்.

கிருபாவதி அதைப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை நகர்த்தினாள். 

"இது என் கிளாஸ்ல படிச்ச எழுத்து," என்றாள்.

 யார்டு லைனில் குடியிருக்கும் ஆட்களுக்காக, போன வருஷம் தான் சாயங்கால வகுப்பு நடத்தியதாக அவள் சொன்னாள். முதியோர் கல்விப் புத்தகங்களைத் திருத்தணியிலிருந்து வாங்கி வந்தாளாம். புது எழுத்துப் புத்தகம். அதில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தாளாம். ஒருவன் மட்டும் எல்லாரும் போன பிறகு தனியாக வருவான். எழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னால் குட்டியாக வட்டம் போடுவான். புள்ளி வைத்தால் சிலேட்டில் அழிந்துபோகிறது, டீச்சர் என்பானாம். தான் படிப்பது யாருக்கும் தெரிய வேண்டாம், முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகு அக்காவிடம் முதலில் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டானாம்.

வேதாச்சலம் காகிதத்தை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி வட்டம்.

"யாரு?" என்று கேட்டாள் யூனிஸ்.

அப்போது காகிதம் இருண்டது.

சித்திரை உச்சி வெயிலில், வெள்ளையாகக் கண்ணைப் பறித்த அந்தச் சந்தில், சதுரமாக ஒரு நிழல் அவர்கள் மூவர் மேலும் வந்து நின்றது. மறு கோடிக்குப் போயிருக்க வேண்டிய எட்டு டன் கல் அவர்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. கயிறு மெல்லக் கிறீச்சிட்டது. உயரத்தில், கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால், சண்முகத்தின் முகம் கீழே அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேதாச்சலம் யூனிஸின் கையைப் பிடித்துச் சந்தின் வாய்ப்பக்கம் இழுத்தார். மறு கையை நீட்டிக் கிருபாவதியின் தோளைத் தொட்டார். அவள் அவரோடு வரவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை.  ஆனாலும் நிழலின் நடுவுக்கே போய் நின்று, மேலிருந்து பார்த்தால் முகம் தெரியும்படி அண்ணாந்தாள். கத்தவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரல்தான்.

"சண்முகம். கல்லை ஓரமா வச்சுட்டு எறங்கி வா."

கல் லேசாக ஆடியது. எவ்வளவு நேரம் என்று பிறகு யூனிஸால் சொல்ல முடியவில்லை. வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை என்பது மட்டும் நினைவிருந்தது. அப்புறம் நிழல் நகர்ந்தது. சந்தைக் கடந்து, காலி இடத்தின் மேல் போய், முட்டையை வைப்பது போல் கல் தரையில் அமர்ந்தது. மோட்டார் ஓய்ந்தது.

ஏணியில் இறங்கியவன் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "உங்களைக் கொல்லணும்னு இல்ல டீச்சர்," என்றான். "கை தானா இட்டாந்திச்சு."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். சாந்தகுமார் ஒயரிங் செய்த மூன்று நாளும் அவன் பக்கத்திலேயே இருந்து பார்த்தான். எது எதற்கு என்று அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். பெட்டி வந்த பிறகு பெரிய கல் ஒன்றும் ஏறவில்லை. மணி அடித்தபடியே இருந்தது. லாரிகள் நின்றன. அந்த மணியை அடக்கு, இல்லாவிட்டால் நாளைக்கு இந்தக் கூண்டில் வேறு ஆள் உட்காருவான் என்று மேனேஜர் சொன்னார். அவன் ஒரு துண்டு ஒயரைக் கடித்து உரித்து மாட்டினான். கயிறு அறுந்து, எல்லாரும் கீழே ஓடி, அப்பாவுவின் மேல் விழுந்து கதறியபோது அவன் மட்டும் கூண்டிலேயே இருந்தான். கால் வரவில்லை. ஒயரைக் கழற்ற, மாட்டும்போது இரவல் வாங்கிய திருப்புளி கையில் இல்லை. சட்டைப்பையில் பென்சில் இருந்தது.

"அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்னு அது ஒண்ணுதான் தோணிச்சு. எழுதிட்டேன். நான் மொதமொதல்ல எழுதின லெட்டரு அதான் டீச்சர்."

கிருபாவதி அவனைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

போன் செய்ததும் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். ஜெயச்சந்திரன் தான் அப்படி எதுவுமே சொல்லவில்லை என்றார். சொன்னதற்கு யார் சாட்சி, எழுத்தில் காட்டட்டும் என்று அமைதியாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவதாகக் காரில் ஏறிப் போனார். அவரை நிறுத்த இன்ஸ்பெக்டரிடம் ஒன்றும் இல்லை. வேதாச்சலத்திடமும் இல்லை.

கேஸை மாற்றி எழுத வேண்டும், வாக்குமூலம் கொடு என்றபோது சண்முகம் ஒன்றுதான் கேட்டான். அக்காவிடம் தன் வாயால் சொல்லிவிட்டு வருகிறேன், பிறகு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள் என்றான். இன்ஸ்பெக்டர் சற்று யோசித்துவிட்டு ஜீப்பில் ஏறச் சொன்னார். வேதாச்சலத்தின் கார் பின்னால் போனது. கிருபாவதியும் அதில் இருந்தாள்.

பாலசமுத்திரம் போய்ச் சேர மணி மூன்றரை. அவன் அக்கா வெங்கடம்மா வீட்டு வாசலில் நின்று நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பையும், போலீஸையும், நடுவில் இறங்கிய தம்பியையும் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"துன்னியாடா?" என்றாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு நின்ற இடத்திலேயே, மண்ணைப் பார்த்தபடி சொன்னான். தான்தான் ஒயர் போட்டது, மாமனைக் கொன்றது தன் கைதான் என்றான். சொல்லி முடித்ததும் அவள் காலில் விழப் போனான். அவள் பின்னால் ஓர் அடி நகர்ந்துகொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"மேனேஜர் உன்கிட்ட மணிய அடக்கச் சொன்னப்போ உங்க மாமன் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சொன்னாரு. சண்முகம் மாட்டேன்னு சொல்லணும், சொல்ல மாட்டேன்றான், பயமா கீதுன்னாரு. மறுநாளு வேலைக்குப் போனாரு." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "ஆறு நாளா நீ வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கினு இருந்தேன்."

பிறகு அவள் கிருபாவதியின் பக்கம் திரும்பினாள். அவள் யார் என்று யாரும் சொல்லவில்லை. "அம்மா, உங்க ஊட்டுக்காரரு உள்ள கீறாருன்னு எனுக்குத் தெரியும். ஒருத்தர மண்ணுல போட்டுட்டேன். இவனையும் நானே புடிச்சுக் குடுக்க எனுக்கு மனசு வரல." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கிருபாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

வேதாச்சலம் மெதுவாக, அப்பாவு சொன்னதை ஸ்டேஷனில் வந்து சொல்வாளா என்று கேட்டார்.

 வெங்கடம்மா உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தாள். ஜீப்பின் பின்பக்கம் ஏறி, தம்பிக்குப் பக்கத்தில், அவன் மேல் படாமல் உட்கார்ந்தாள். முன்னால் நோட்டுப் புத்தகத்தை எடுத்த இன்ஸ்பெக்டரிடம், அவருக்கு நன்றாகப் புரியட்டும் என்று தெலுங்கிலேயே சொன்னாள்.

"முந்து மேனேஜர் பேரு ராயண்டி." முதலில் மேனேஜர் பெயரை எழுதுங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்தபடி, "அதுக்கப்புறம் என் தம்பி பேரு," என்றாள்.